சப்ஜெக்ட் இல்லாத மெயில்

“வாசலைப் பார்த்துக்கச் சொன்னா, இந்தம்மா வீட்டையே பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டாங்க.”

ஒரு எழுத்துகூட மாற்றாமல் சொல்கிறேன். அந்த மனிதர் என்னைப் பற்றி எழுதியது இதுதான். அறுநூறு பேர் படிக்கிற இடத்தில். என் இடுப்பைப் பற்றிப் பேச இவர் யார், சொல்லுங்கள்? ஐயோ, நீங்கள் சொல்ல வேண்டாம், பஞ்சு நகர்ந்துவிடும். டாக்டர் என்ன சொல்லி அனுப்பினார் உங்களை? அரை மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது, பஞ்சை நன்றாகக் கடித்துக்கொள்ள வேண்டும். தெரியும். போன வருஷம் எனக்கும் இதே கடைவாய்ப்பல்தான். நீங்கள் பாட்டுக்குக் கடித்துக்கொண்டிருங்கள், நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வலி தெரியாது.

என்னை இன்னும் கூப்பிடவில்லை. எனக்குப் பின்னால் வந்த அந்தக் கட்டம்போட்ட சட்டைக்காரர் உள்ளே போயாகிவிட்டது. கேட்டால், “உட்காருங்க மேடம், கூப்பிடுறேன்” என்கிறது அந்த ரிசப்ஷன் பெண். யாரை முதலில் விடுவது என்று ஒரு முறை வேண்டாமா? போகட்டும்.

எங்கே விட்டேன்? குஞ்சிதபாதம். அதுதான் அவர் பெயர். சிதம்பரத்துக்காரர். பெயரில் இருக்கிற பக்தி பேச்சில் இருக்காது. ஆனால் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் லிஸ்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மளிகை லிஸ்ட் இல்லை. மெயிலிங் லிஸ்ட். ஒரு முகவரிக்கு நீங்கள் மெயில் போட்டால் அதில் சேர்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் போகும். வாட்ஸப் குரூப் மாதிரிதான், ஆனால் படித்தவர்கள் வைத்துக்கொள்வது.

‘நாள்கிழமை’ என்று போனில் ஒரு காலண்டர் இருக்கிறது. நல்ல நேரம், ராகு காலம், திதி, விரதம் எல்லாம் காட்டும். ஓப்பன் சோர்ஸ். அதாவது விலை கிடையாது, முதலாளி கிடையாது, உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், தப்பு இருந்தால் திருத்திக் கொடுக்கலாம். பெங்களூரில் பரிதி என்று ஒரு பிள்ளை ஆரம்பித்தது. எல்லோரும் கூடிப் பேசி வேலை செய்கிற இடம்தான் அந்த லிஸ்ட்.

அதில் நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்றுதானே பார்க்கிறீர்கள்? எனக்கு ஏகாதசி விரதம் உண்டு. அந்தக் காலண்டரை நம்பி ஒரு தடவை முதல் நாளே பட்டினி கிடந்துவிட்டேன். மறுநாள் காலையில் இட்லி சாப்பிட்டுக் கை கழுவும்போது பக்கத்து வீட்டு அம்மாள், “இன்னைக்கில்ல ஏகாதசி?” என்கிறாள். விடுவேனா? உட்கார்ந்து ஒரு மெயில் எழுதினேன். மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி, பணிவுடன் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது என்னவென்றால் என்று பத்தி பிரித்து, இப்படிக்கு சாருமதி என்று முடித்து. கான்வென்டில் சிஸ்டர் லெட்டர் ரைட்டிங் என்று தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தது. அந்தப் பரிதி ஆடிப்போய்விட்டான். “இவ்வளவு மரியாதையா எங்களுக்கு யாருமே எழுதினதில்ல மேடம்” என்றான்.

அப்புறம் ஒரு நாள் அவனே கேட்டான். “மேடம், லிஸ்ட்ல குப்பை ரொம்ப சேருது. நீங்க மாடரேட்டரா இருக்கீங்களா?”

குப்பை என்றால் சாதாரணக் குப்பையா? வட்டியில்லாக் கடன். ரோஜாப்பூப் படம் போட்டு குட் மார்னிங். என் மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும், ஜாதகம் இணைத்துள்ளேன். இதற்கு அவர்கள் வைத்திருந்த ஏற்பாடு இவ்வளவுதான்: புதிதாகச் சேருகிற ஆளின் முதல் மெயில் மட்டும் வாசலில் நிற்கும். நான் பார்த்து, மனிதர்தான், காலண்டர் சம்பந்தமாகத்தான் எழுதுகிறார் என்றால் உள்ளே விட வேண்டும். அதன்பிறகு அவர் எழுதுவதெல்லாம் நேராகப் போய்விடும்.

எனக்கு இது புதிதா? பள்ளிக்கூடத்தில் நான் கிளாஸ் லீடர். சிஸ்டர் வெளியே போனால் கரும்பலகையில் பேசியவர்கள் பெயரை எழுதுவது நான்தான். எழுதியபிறகும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. இன்னும் பேசினால் இன்னொன்று. சில பேருக்குப் பலகையின் ஓரம்வரை போகும். ஒரே ஒரு தடவை, எனக்குக் காய்ச்சல் தெளிந்து வந்த அன்றைக்கு, என் இடத்தில் நின்ற பெண் என் பெயரை எழுதிவிட்டாள். நான் பேசவே இல்லை. சாக்பீஸ் சின்னதாக இருக்கிறது, வேறு எடு என்றுதான் சொன்னேன். அதைப் பேச்சு என்று எடுத்துக்கொள்ளலாமா? சொல்லுங்கள். இல்லை, சொல்லாதீர்கள். பஞ்சு.

சரி. பொறுப்பை எடுத்துக்கொண்டேன். எடுத்தால் ஒழுங்காகச் செய்ய வேண்டும், எனக்கு அரைகுறை ஆகாது. முதல் மெயில் மட்டும் நின்றால் போதுமா? முதல் நாள் எல்லா மருமகளும்தான் தலையைக் குனிந்துகொண்டு காபி கொண்டுவருவாள். நான் இரண்டாவதையும் நிறுத்தினேன், மூன்றாவதையும் நிறுத்தினேன். வணக்கம் சொல்லாமல் ஆரம்பித்தால் நிற்கும். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதினால் நிற்கும். “ஹாய் கைஸ்” என்று ஒருவன் எழுதினான். நான் கையா? நிறுத்தினேன். சப்ஜெக்ட் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதை நிரப்பாமல் விட்டால் கண்டிப்பாக நிற்கும். தலைப்பே இல்லாமல் ஒரு மனுஷி என்ன பேச வருகிறாள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எப்படி மாறியது தெரியுமா அந்த லிஸ்ட்? முன்பெல்லாம் வாக்கியப் பஞ்சாங்கம் சரி, திருக்கணிதம் சரி என்று பொழுதுக்கும் சண்டை. நான் வந்தபிறகு மூச்சுவிடுகிற சத்தம் இல்லை. பரிதிகூட ஒரு நாள் எழுதினான், “லிஸ்ட் ரொம்ப அமைதியா இருக்கே மேடம், யாருமே எழுதறதில்லயே” என்று. அவன் பாராட்டினால் மனதாரப் பாராட்டுவான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், சத்தமே இருக்காது. என் வீட்டுக்காரர் வாயைத் திறந்து பேசி நீங்கள் கேட்க முடியாது. அவ்வளவு நல்ல மனிதர்.

இந்தச் சமயத்தில்தான் குஞ்சிதபாதம் வந்து சேர்ந்தார். முதல் மெயில் என்ன தெரியுமா? “தப்பு. சூரிய உதயம் தப்பு. பாருங்கள்.” முடிந்தது. வணக்கம் இல்லை, பெயர் இல்லை. நான் அதை நிறுத்திவைத்து, முறையாக வணக்கம் வைத்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன் என்றேன். அவர் மறுபடி அனுப்பினார். “வணக்கம். தப்பு. சூரிய உதயம் தப்பு. பாருங்கள். நன்றி.” கிண்டல்தானே? நிறுத்தினேன்.

கொஞ்ச நாள் கழித்து இன்னொன்று. “இந்த லிஸ்டில் ஆட்டோ ரிப்ளைக்குத் தடுப்பு இல்லை. ஒரு ஆள் லீவு போட்டால் போதும், எல்லாரும் மூழ்குவீர்கள்.” தை பிறக்கப் போகிறது, இந்த மனிதர் மூழ்குவீர்கள் என்று எழுதுகிறார்! நல்ல நாளும் அதுவுமாக இதை அறுநூறு வீட்டுக்கு அனுப்புவேனா? அதையும் நிறுத்தினேன்.

இப்போது என் வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன்.

அவர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருக்கிறார். நான் லாப்டாப்பில் உட்கார்ந்து என்ன செய்கிறேன் என்று ஒரு நாள் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. நினைத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன், அதனால் என்ன? நான் எழுதுகிற ஒவ்வொரு மெயிலுக்கும் அடியில், சாருமதி, மாடரேட்டர், நாள்கிழமை என்று வரும். அதை அவர் ஒரு தடவை பார்க்கட்டுமே என்று அவருடைய ஆபீஸ் முகவரியை நானே லிஸ்டில் சேர்த்துவிட்டேன். சேர்க்கும்போதே, வாசலில் நிற்காமல் நேராக உள்ளே போகும்படி வைத்தேன். தாலி கட்டிய மனுஷனை வாசலில் நிற்கவைப்பேனா? எந்தப் பெண்ணாவது செய்வாளா? நீங்கள் தலையாட்டுகிறீர்கள். அதானே.

மாசக்கணக்கில் போய்க்கொண்டிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், பார்த்திருப்பார், பெருமையை வாயால் சொல்கிற சுபாவம் இல்லை.

அப்புறம் காரைக்குடியில் என் நாத்தனார் மகள் கல்யாணம். இவர் லீவு போட்டார். லீவு போட்டால் அந்த ஆபீசில் ஒரு வழக்கம், வருகிற மெயிலுக்கெல்லாம் தானாகவே பதில் போகும்படி வைத்துவிட்டு வருவார்கள். “நான் விடுப்பில் இருக்கிறேன். அவசரமானால் திரு. அமலதாஸ் அவர்களைத் தொடர்புகொள்ளவும்” என்று அமலதாஸ் நம்பரோடு.

முகூர்த்தத்தன்று காலையில் யாரோ ஒரு ஆள் லிஸ்டுக்கு ஒரு சாதாரண மெயில் போட்டிருக்கிறார். அது அறுநூறு பேருக்கும் போனது, இவருக்கும் போனது. இவர் கணக்கு, நான் விடுப்பில் இருக்கிறேன் என்று லிஸ்டுக்கே பதில் போட்டது. அந்தப் பதில் அறுநூறு பேருக்கும் போனது. இவருக்கும்தான். புதிதாக ஒன்று வந்திருக்கிறதே என்று அது மறுபடி, நான் விடுப்பில் இருக்கிறேன். அது போய், திரும்பி வந்து, மறுபடி நான் விடுப்பில் இருக்கிறேன். ஜனங்கள் சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. “நிறுத்துங்க” என்று ஒருவர் எழுத, அதற்கு ஒரு பதில். “யார் இது” என்று இன்னொருவர், அதற்கும் ஒரு பதில். “தயவுசெய்து யாரும் பதில் போடாதீர்கள்” என்று எழுதின புண்ணியவானுக்கும் ஒரு பதில்.

நிறுத்துகிற பாஸ்வேர்ட் என்னிடமும் பரிதியிடமும்தான் இருக்கிறது. பரிதி விமானத்தில் போய்க்கொண்டிருக்கிறான். நான் மேடையில் பட்டுப்புடவையில் அரிசித்தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். போன் கைப்பையில், கைப்பை யாரோ சித்தி மடியில். “உன் பைக்குள்ள ஏதோ துடிச்சுக்கிட்டே இருக்குடி” என்று சித்தி சைகை காட்டுகிறார். நான் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சைகை காட்டுகிறேன்.

கடைசியில் நிறுத்தியது யார் தெரியுமா? குஞ்சிதபாதம். அவரால்தான் லிஸ்டில் எழுத முடியாதே. அந்தப் பதிலில் இருந்த நம்பரைப் பார்த்து நேராக அமலதாஸுக்குப் போன் போட்டுவிட்டார். “எங்க எல்லார் வீட்லயும் உங்க ஆளு லீவுல இருக்காரு, முதல்ல அதை நிறுத்துங்க” என்றாராம். அமலதாஸ் கம்ப்யூட்டர்காரர்களைப் பிடித்து நிறுத்திவிட்டார். அதோடு விட்டாரா? என் வீட்டுக்காரருக்குப் போன் பண்ணினார்.

பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம். இவர் இடது கையில் போன், வலது கையில் பாயசம்.

“சொல்லுங்க அமலதாஸ்... லிஸ்டா? எந்த லிஸ்ட்?... என் பேர்லயா? நான் எதுலயும் சேரலையே... யாரு மாடரேட்டர்?”

கேட்டுக்கொண்டே மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“சாரு, நீ ஏதோ மாடரேட்டராமே? அப்படின்னா என்ன?”

அவ்வளவு பேருக்கு நடுவில், இலையில் அப்பளம் நொறுங்கிக் கிடக்கிறது, அப்போது கேட்கிறார். கம்ப்யூட்டர்காரர்கள் பார்த்ததை வைத்து அந்த அமலதாஸ் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். நான் அனுப்பினதெல்லாம் ஒரு தனிப்பெட்டியில் போய் விழும்படி இவர் எப்போதோ வைத்திருந்தாராம், ஒன்றைக்கூடத் திறக்கவில்லையாம். இதை அந்த ஆள் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? ஆபீசில் ஆயிரம் மெயில் வரும், ஒதுக்கித்தான் வைப்பார்கள். நானும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்.

தண்ணீர் வேண்டுமா? குடிக்கக் கூடாது, குடித்தால் ரத்தம் நிற்காது. இன்னும் கொஞ்ச நேரம்தான்.

மறுநாள் பரிதி போன் செய்தான். தயங்கித் தயங்கிப் பேசுகிறான். “கொஞ்ச நாளைக்குத்தான் மேடம். நீங்க ரெஸ்ட் எடுங்க. சார் பார்த்துப்பார்.” எந்த சார்? குஞ்சிதபாதம் சார்! அவர்தான் இப்போது மாடரேட்டர். நான் என்ன எழுதினாலும் வாசலில் நிற்கும், அவர் பார்த்து விட வேண்டும். என் மெயிலை! நான் வணக்கம் வைக்கக் கற்றுக்கொடுத்த மனிதர்!

போதாததற்கு, நான் நிறுத்திவைத்திருந்த அத்தனையையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டார்கள். சந்தைக்கடை தோற்றது. அதில் குஞ்சிதபாதத்தின் பழைய மெயில்களும் இருந்தன. படித்துவிட்டு ஆளாளுக்கு அவர் சொன்னது சரி, சரி என்கிறார்கள். எல்லா ஊருக்கும் சென்னையின் சூரிய உதயத்தையே வைத்துக் காலண்டர் கணக்குப் போட்டிருந்ததாம். நான் கொண்டுபோன ஏகாதசித் தப்புக்கும் காரணம் அதுதானாம். இருக்கட்டும், முதலில் சொன்னது நான்தானே? அந்தச் சந்தடியில்தான் அவர் வாசல், சாவி, இடுப்பு என்று எழுதினார். அதற்குப் பதில் எழுதினேன். எழுதி என்ன செய்ய? நிற்கிறது.

அதைக்கூட விட்டுவிடுவேன். எனக்கு அது பெரிதில்லை. இன்னொரு மெயில் இருக்கிறது.

கனடாவில் தமயந்தி என்று ஒருத்தி. என்னைவிடச் சின்னவளாக இருப்பாள் என்று நினைக்கிறேன். அவள் எழுதியிருந்தாள், தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான். வீட்டுக்காரர் போய்விட்டார், முதல் வருஷத் திதி வருகிறது, இந்தக் காலண்டரில் நம் ஊர் நேரம்தான் இருக்கிறது, இங்கே திதி ஒரு நாள் முந்துமா பிந்துமா தெரியவில்லை, கேட்க ஆள் இல்லை, யாராவது சொல்லுங்கள் என்று. வணக்கம் இருந்தது. நன்றி இருந்தது. சப்ஜெக்ட் இல்லை. நான் என்ன செய்ய? எல்லோருக்கும் ஒரே சட்டம்தானே? நிறுத்தினேன். நிறுத்தினால் எழுதியவருக்குக் காரணம் சொல்லி அனுப்ப வேண்டும், அனுப்பினேன். அவள் மறுபடி அனுப்பவில்லை.

எல்லாவற்றையும் திறந்துவிட்டபோது அதுவும் வெளியே வந்தது. நாலு பேர் ஓடிவந்து தேதி சொன்னார்கள். அவள் எழுதினாள், “பரவால்லைங்க, நாள் முடிஞ்சிடுச்சு. எது சரின்னு தெரியாததால ரெண்டு நாளும் பண்ணிட்டேன்” என்று.

பார்த்தீர்களா? ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இரண்டு நாள் செய்தால் இன்னும் விசேஷம்தான். யாருக்கு நஷ்டம்?

இரண்டு நாளும் சமைத்திருக்கிறாள். அந்தக் குளிரில், தனியாக. முதல் நாள் இலை போட்டு எடுத்துவிட்டு, மறுநாள் மறுபடியும் வாழைக்காய் நறுக்கியிருக்கிறாள். அங்கே வாழைக்காய் கிடைக்குமா என்ன? தெரியவில்லை. எனக்கு ஏன் அது? சும்மா தோன்றுகிறது, பாத்திரம் கழுவும்போதெல்லாம் தோன்றுகிறது.

அவளுக்கு ஒரு பதில் எழுதினேன். அடுத்த வருஷத் திதி அவள் ஊரில் என்றைக்கு வருகிறது என்று நானே கணக்குப் போட்டு, இரண்டு பஞ்சாங்கத்திலும் சரிபார்த்து, அதற்கடுத்த வருஷத்தையும் சேர்த்து எழுதி அனுப்பினேன். இனிமேல் அவள் ஒரு நாள் செய்தால் போதும். வேறு ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

அதை அந்த மனிதர் நிறுத்திவிட்டார். காரணம் என்ன போட்டிருக்கிறார் தெரியுமா? “சப்ஜெக்ட் இல்லை. போட்டு அனுப்புங்கள், உடனே விடுகிறேன்.” அவள் போடாத சப்ஜெக்டுக்குப் பதில் எழுதினால் எனக்கு மட்டும் எங்கிருந்து வரும்? வேண்டுமென்றே செய்கிறார். நான் போட மாட்டேன். இருந்து இருந்து இந்த வயதில் குஞ்சிதபாதத்துக்குத் திருத்தி எழுதிக்கொண்டிருப்பேனா?

நேராக அவளுக்கே அனுப்பினால் என்ன என்று கண்ணாலேயே கேட்கிறீர்கள். லிஸ்டில் கேட்டதற்கு லிஸ்டில்தான் பதில் சொல்ல வேண்டும். அது முறை. நானே மீறலாமா?

அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் ஒன்றும் பெரிதாகச் செய்ய வேண்டாம். போனில் ‘நாள்கிழமை’ என்று போட்டால் வரும், லிஸ்டில் சேருங்கள். இப்போதெல்லாம் யாரையும் நிறுத்துவதில்லை, முதல் மெயிலை நிமிஷத்தில் விட்டுவிடுகிறார். ஒரே ஒரு வரி. சாருமதி மேடம் கனடா அம்மாவுக்கு எழுதிய பதில் வாசலில் நிற்கிறது, அதை விடுங்கள் என்று. நான் சொன்னேன் என்று மட்டும் தெரிய வேண்டாம். மறக்காமல் சப்ஜெக்ட் போட்டுவிடுங்கள்.

மணியைப் பாருங்கள், அரை மணி ஆகிவிட்டது. பஞ்சை எடுத்துவிடலாம். அதோ, மூடிபோட்ட கூடை இருக்கிறது, அதில் போடுங்கள். இந்தாருங்கள் டிஷ்யூ, வாயைத் துடைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் நின்றுவிட்டது பாருங்கள், நான் சொன்னேனே.

எழுதுகிறீர்களா? ஒரு வரிதான்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? டாக்டர் சொன்ன நேரம் முடிந்துவிட்டது. இனிமேல் நீங்கள் பேசலாம்.

பேசுங்கள்.